தான் அணியாத பூணூலுக்காக

1

குர்மீத் கௌர் என்னை ஒரு கல்யாணத்துக்கு அழைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்கிறோம். நியூசிலாந்தின் வடக்குத் தீவில், கிவிப்பழத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறிய ஊரில், பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டிகளில் அடைக்கும் கூடம். அவர் தரம் பிரிக்கும் மேசையில் நிற்பவர். நான் மின்பராமரிப்பு; ஓய்வு நேரத்தில் ஊர்ப் பத்திரிகைகளுக்கு எழுதுபவன். போன செப்டம்பரில் ஒருநாள் தேநீர் இடைவேளையின்போது அவர் இந்தியில் சொன்னார்: நவம்பரில் எங்கள் குருத்வாராவில் 'ஷஹீதி' நிகழ்ச்சி, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும்.

திருவள்ளூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு எவ்வளவு இந்தி வருமோ அவ்வளவுதான் எனக்கும் வரும். என் காதில் விழுந்தது 'ஷாதி'. கல்யாணம்.

"ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ளை யார்?" என்று கேட்டேன்.

மேசையைச் சுற்றி இருந்த நான்கு பஞ்சாபிப் பெண்களும் ஒரு நொடி என்னையே பார்த்தார்கள். பிறகு சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. குர்மீத்தும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு நிதானமாக விளக்கினார். ஷஹீதி என்றால் உயிர்த்தியாகம். சீக்கியர்களின் ஒன்பதாவது குரு டில்லியில் தலை துண்டிக்கப்பட்டு இந்த நவம்பரோடு முந்நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. மதம் மாறச் சொல்லி நெருக்கப்பட்ட காஷ்மீரத்துப் பண்டிதர்கள் அவரிடம் வந்து முறையிட்டார்கள். அவர்களுக்காக அவர் டில்லிக்குப் போனார்.

"உங்கள் பக்கத்தில் இந்தக் கதை யாருக்கும் தெரிந்திருக்காது" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அவருக்கு ஆச்சரியம். பள்ளிக்கூடத்தில் படித்தீர்களா என்று கேட்டார். நான் கோப்பையைக் கழுவ எழுந்து போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் இல்லை. கும்மிடிப்பூண்டியில், ஓர் இரும்பு ஆலையின் மேலாளர் அறையில், சுவரோரம் நின்றபடி கேட்ட கதை. கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் என் மனைவி மைதிலியிடம்கூட அதை நான் முழுதாகச் சொன்னதில்லை.

2

அதே வாரம் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. ஏணியில் ஏற ஒன்று, ஏணியிலிருந்து விழுந்தால் ஒன்று, விழாமல் தப்பித்தால் 'விழ இருந்தேன்' என்று தெரிவிக்க ஒன்று. புதிதாக வந்தது உடலில் அணியும் பொருட்கள் பற்றியது. சுழலும் உருளைகளில் சிக்கக்கூடும் என்பதால் மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் வேலை நேரத்தில் கழற்றிவிட வேண்டும். கல் பதிக்காத கல்யாண மோதிரத்துக்கு மட்டும் விலக்கு.

குர்மீத்தின் வலது கையில், சீக்கியர்கள் மத நெறிப்படி அணியும் இரும்புக் காப்பு இருக்கிறது. பதினான்கு வயதில் போட்டது. மணிக்கட்டு வளர்ந்தது, காப்பு வளரவில்லை. சோப்புப் போட்டாலும் வராது. வந்தாலும் அவர் கழற்ற மாட்டார். படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: நகை, மருத்துவப் பொருள், மற்றவை. அவர் மூன்றையும் விட்டுவிட்டு ஓரத்தில் 'என் கை' என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

நான் அங்கே தொழிலாளர் தரப்பின் பாதுகாப்புப் பிரதிநிதி. மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கண்ணியமான பெண்மணி. வரதன் என்ற என் பெயர் மட்டும் அவர் வாயில் நுழையாது. 'வாரா' என்பார். தமிழில் அதற்கு என்ன பொருள் என்று நான் சொன்னதில்லை.

"வாரா, உங்களுக்கு இயந்திரங்கள் தெரியும். காப்போடு அந்த மேசையில் நிற்பது ஆபத்து என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நீங்கள் அவருடைய ஊர்க்காரர். நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வார்."

என் ஊருக்கும் அவர் ஊருக்கும் நடுவே இரண்டு நாள் ரயில் பயணம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தேன். மேலே நான்கு வரி அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தது. இப்படி ஒரு காகிதம் என் கைக்கு வருவது அது இரண்டாவது முறை.

3

அப்பாவுக்குத் திருவள்ளூர்ப் பெருமாள் கோயிலில் மடைப்பள்ளிக் கைங்கர்யம். டிப்ளமோ முடித்த எனக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பியாக உருட்டும் ஆலை ஒன்றில் வேலை கிடைத்தது. மின்பிரிவு. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். நெற்றியில் திருமண் இல்லாமல் வேலைக்குப் போனதில்லை. உலைச் சூட்டில் பத்து மணிக்குள் அது மூக்குக்கு இறங்கிவிடும். எல்லோரும் என்னை 'கரண்டு அய்யரு' என்றார்கள். நாங்கள் ஐயங்கார் என்று திருத்துவதை ஒரே மாதத்தில் விட்டுவிட்டேன்.

எங்கள் ஷிப்டுக்கு ஃபோர்மேன் பல்பீர் சிங். லூதியானா பக்கத்துக்காரர். நான் சேர்ந்தபோதே அவர் கும்மிடிப்பூண்டிக்கு வந்து பதினைந்து வருடம். தமிழை உலையடியில் நின்று கற்றவர். நீலத் தலைப்பாகையும் வெள்ளைத் தாடியுமாக வந்து, "இன்னா நைனா, நாஷ்டா ஆச்சா?" என்று அவர் கேட்டால் புதிதாகச் சேர்ந்தவர்கள் வேறு யாரோ பேசியதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த ஷிப்டில் கேஸ் கட்டர் யூசுப். பொன்னேரிக்காரன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். கம்பி வழிதவறிச் சுருண்டால் ஓடிப்போய் வெட்டி வழியைத் திறப்பது அவன் வேலை. ஆலையில் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டு முதல் பன்னிரண்டரை வரை. வெள்ளிக்கிழமைத் தொழுகையோ அதற்குப் பிறகு. அதனால் ஒவ்வொரு வெள்ளியும் யூசுப் பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பி, ஒன்றே முக்காலுக்குத் திரும்பி வருவான். அந்த ஒரு மணி நேரம் அவன் இடத்தில் பல்பீர் சிங் கட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பல வருடமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் அதில் இடைஞ்சல் இல்லை.

பிறகு புது மேலாளர் வந்தார். வேலை நேரத்தில் யாரும் எதற்கும் வெளியே போகக்கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். யூசுப் அந்த வாரம் போகாமல் நின்றான். பல்பீர் சிங் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய்ட்டு வா பா. நான் நிக்கிறேன், எப்பயும் மாரி" என்று அனுப்பிவைத்தார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அது நடந்தது. அன்று காலை உருளைகளை ஓட்டும் மோட்டாரின் பேனலில் நான் ஒரு பழைய உதிரியை மாற்றியிருந்தேன். கடைசித் திருகை முடுக்கும்போது உலைப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். வந்து முடித்துக்கொள்ளலாம் என்று போனேன். மறந்துவிட்டேன்.

மதியம் ஒன்று பத்துக்கு அந்தத் திருகு இருந்த இடம் சூடேறிக் கருகி, மோட்டார் நின்றது. பழுத்த கம்பிகள் உருளைகளுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு ஏறின. பல்பீர் சிங் கட்டரோடு பாய்ந்தார். யூசுப்பே இருந்திருந்தாலும் அதைவிட வேகமாக வெட்டியிருக்க மாட்டான். நான் பேனல் அறைக்குள் ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, கருகிய முனையை மாற்றினேன். லைன் நாற்பது நிமிடம் நின்றது. என்ன பழுது என்று குறிக்க வேண்டிய பதிவேட்டில் நான் எதுவும் எழுதவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மேலாளர் வந்து கேட்ட முதல் கேள்வி: "கட்டர் எங்க?"

4

மறுநாள் காலை பணியாளர் அதிகாரி ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். 'கட்டர் பணியிடத்தில் இல்லாததால் கம்பிகள் தேங்கி, அதிகச் சுமையால் மோட்டார் நின்றது.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"மின்பிரிவு சார்பா நீங்க போடணும். இந்த மாசக் கடைசியிலதானே உங்க கன்ஃபர்மேஷன்?" என்றார். மிரட்டும் குரல் இல்லை. நினைவூட்டும் குரல்.

அப்பாவுக்கு அப்போது கண் மங்க ஆரம்பித்திருந்தது. மடைப்பள்ளிக்கு இன்னும் எத்தனை நாள் போவார் என்று தெரியாது. அது ஒரு காரணம். ஆனால் அதையே காரணம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. தவறு என்னுடையது என்று தெரியாமல் போய்விடும் என்ற நிம்மதியும் அந்தக் கையெழுத்தில் இருந்தது. போட்டேன்.

திங்கட்கிழமை விசாரணை. மேலாளர் அறையில் அவரும் பணியாளர் அதிகாரியும் உட்கார்ந்திருக்க, பல்பீர் சிங், யூசுப், நான் மூவரும் நின்றோம். யூசுப்பை இனி தொழுகைக்கு அனுப்புவதில்லை என்று எழுதிக் கொடுத்தால் விஷயத்தை இத்தோடு விட்டுவிடுவதாக மேலாளர் சொன்னார். பல்பீர் சிங் முடியாது என்றார்.

"நீங்க சர்தார். அவன் பாய். அவன் தொழுகைக்குப் போனா என்ன, போகாட்டி என்ன? உங்களுக்கு இதுல என்ன இருக்கு?" மேலாளருக்கு உண்மையாகவே புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பல்பீர் சிங் அவசரமில்லாமல் பேசினார்.

"சார், எங்க மொத குரு சின்ன வயசுலயே பூணூல் வேணாம்னுட்டாரு. நாங்க போட மாட்டோம். ஆனா ஒம்போதாவது குருவாண்ட பூணூல் போட்டவங்க வந்து அழுதாங்க. எங்கள மாறச் சொல்லி தொந்தரவு பண்றாங்கன்னு. அவருக்கு அதுல நம்பிக்கை கெடையாது சார். அவுங்களுக்கு கீது இல்ல? அதுக்கோசரம் டில்லிக்குப் போயி தலைய குடுத்தாரு. நானு இன்னா தலையா குடுக்கறேன்? ஒரு மணி நேரம் கட்டிங் பண்றேன். அவ்ளோதான்."

மேலாளர் சிரித்தார். "அந்தத் தலையை வெட்டினது யாரு? இவன் ஆளுங்கதானே?" என்று யூசுப்பைக் காட்டினார்.

யூசுப் தரையைப் பார்த்தான். பல்பீர் சிங்கின் குரல் அப்போதும் உயரவில்லை.

"இவனா வெட்டுனான்? இவன் பொன்னேரிக்காரன் சார். வெட்டச் சொன்னது ராஜா. அன்னிக்கு பவரு அவராண்ட இருந்துச்சு. இன்னிக்கு இந்த ரூம்ல பவரு உங்களாண்ட கீது."

என் சட்டைக்குள் பூணூல் வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நெற்றியில் திருமண். அந்த அறையில் பூணூல் போட்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

மேலாளர் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். "வரதன், இது நீங்க குடுத்த ஸ்டேட்மென்ட்தானே?"

"ஆமாம் சார்" என்றேன்.

பல்பீர் சிங் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெறுமனே பார்த்தார்.

அன்று மதியமே வேலையிலிருந்து நீக்கப்பட்டு அவர் ஆலையை விட்டுப் போனார். உலையடியில் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போனதாகப் பிறகு சொன்னார்கள். நான் பேனல் அறைக்குள் இருந்தேன். யூசுப் வெள்ளிக்கிழமை போவதை நிறுத்திவிட்டு நான்கு மாதம் வேலை செய்தான். பிறகு அவனும் நின்றுவிட்டான். எனக்கு மாதக் கடைசியில் வேலை உறுதியானது. இரண்டு வருடம் கழித்து மஸ்கட்டுக்குப் போனேன், அங்கிருந்து இங்கே.

5

இந்த முறை மேலாளரிடம் மூன்று நாள் அவகாசம் கேட்டேன். கையில் அளவு நாடாவோடு கூடம் முழுக்க நடந்தேன். உருளைகள் திறந்திருக்கும் கடைசிப் பகுதியில் எந்தக் காப்பும் ஆபத்துதான். அதை மறைத்து எழுத முடியாது. ஆனால் குர்மீத் நிற்கும் மேசையில் கைக்கு எட்டும் தூரத்தில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. காப்பின்மேல் இறுக்கமான துணிப்பட்டை போட்டு, அதன்மேல் கையுறை மாட்டினால் போதும். கடைசிப் பகுதிக்கு அவரை அனுப்பக்கூடாது. இதை அரைப் பக்கம் எழுதி, படம் போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. சரி என்று. படிவத்தில் 'மத அடையாளம்' என்று நான்காவதாக ஒரு கட்டமும் சேர்ந்தது. மேலாளர் எனக்கு நன்றி சொன்னார்.

அவ்வளவுதானா என்று இருந்தது. பயந்துகொண்டே ஒரு கதவைத் தள்ளப்போய், அது பூட்டாமலே இருந்த மாதிரி. எனக்கு வேலை போகவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. இந்த நாட்டில் இந்த நியாயத்துக்கு நான் செலவழித்தது ஒரு அளவு நாடாவும் அரைப் பக்கமும். இதைக் கொண்டுபோய் அந்தப் பழைய கையெழுத்துக்கு ஈடாக வைக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் இந்தக் காப்பு விவகாரத்தை வீட்டில் சொன்னேன். எங்கள் மகள் கோதைக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் அவளைக் 'கோடி' என்கிறார்கள். நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோயிலுக்கு வரச்சொன்னால் படிப்பு இருக்கிறது என்பாள். அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆங்கிலத்தில் கேட்டாள்:

"அப்பா, நீங்க பழைய போட்டோவுல எல்லாம் நெத்தியில போட்டிருக்கீங்களே, இங்க அதைப் போடக்கூடாதுன்னு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை."

"அப்புறம் ஏன் எடுத்தீங்க?"

இந்த நாட்டில் முதல் நேர்முகத் தேர்வுக்குப் போன காலையில் நானே துடைத்துவிட்டுப் போனேன். யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டேன். குர்மீத் பதினான்கு வயதிலிருந்து கழற்றாத ஒன்றை நான் கண்ணாடி முன்னால் ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்திருக்கிறேன். மகள் கோயிலிலிருந்து விலகிப்போகிறாள் என்று வருத்தப்பட எனக்கு என்ன இருக்கிறது?

அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் கும்மிடிப்பூண்டிக் கதை முழுவதையும் இருவரிடமும் சொன்னேன். மைதிலி சாதம் பரிமாறுவதை நிறுத்திவிட்டாள். முடித்ததும் கோதை ஒன்றே ஒன்று கேட்டாள், இந்த முறை தமிழில்:

"அவங்க ரெண்டு பேரும் இப்ப எங்க இருக்காங்க?"

எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்ததும் இல்லை.

6

அக்டோபரில் அப்பாவின் திதிக்காகத் திருவள்ளூர் போனேன். காரியம் முடிந்த மறுநாள் பெரியபாளையம் பஸ்ஸில் ஏறினேன். அம்மன் கோயிலுக்குப் போகும் மஞ்சள் புடவைக் கூட்டம் இறங்கியதும் பஸ் காலியானது. கவரைப்பேட்டையில் இறங்கி வேறு பஸ் மாறி, கும்மிடிப்பூண்டி.

தொழிற்பேட்டையில் கடைப் பலகைகளில் இப்போது இந்தி இருக்கிறது, ஒடியா இருக்கிறது. ஆலை வாசலில் பீகாரிலிருந்து வந்த பிள்ளைகள் வரிசையில் நின்று அடையாள அட்டை காட்டிக்கொண்டிருந்தார்கள். கையில் படிவங்கள். பெயரை ஒருவன் மூன்று தடவை சொல்லியும் காவலாளிக்குப் புரியவில்லை. எனக்கு அந்த மூன்று தடவையும் நன்றாகத் தெரியும். ஆலை கைமாறி வேறு பெயரில் ஓடுகிறது. எதிரே டீக்கடைக்காரர் மட்டும் பழையவர்.

"யூசுப்பா? அந்த நமாஸுக்குப் போயி லைன நிறுத்துனாரே, அந்த பாய்தான? கவரப்பேட்டைல கிரில் பட்டறை வச்சிக்கினு கீறாரு."

இருபத்தாறு வருடம் கழித்தும் அவன் அடையாளம் அதுதான். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பட்டறையில் யூசுப் ஒரு இரும்புக் கதவைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான். தாடி நரைத்திருந்தது. கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்து யோசித்தான். பெயரைச் சொன்னேன்.

"அய்யரே! நெத்தி காலியா கீது, அதான் தெர்ல. உக்காரு உக்காரு."

ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஊர்க்கதை பேசி, டீ குடித்து, எழுந்து வந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"யூசுப், அன்னிக்கு லைன் நின்னது உன்னால இல்ல. நான் ஒரு திருகை சரியா முடுக்கலை. அதுதான் கருகிப் போச்சு. தெரிஞ்சேதான் அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன்."

அவன் சாணை இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"எப்படி?"

"சிங்கு சார் சொன்னாரு. அவரு ஊருக்குப் போற அன்னிக்கு."

பல்பீர் சிங் இப்போது லூதியானா பக்கத்துக் கிராமத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் யூசுப்பைப் போனில் அழைப்பாராம். யூசுப் கைபேசியை எடுத்தான். வேண்டாம், இன்னொரு நாள் பேசுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திரையில் அவர் முகம் வந்துவிட்டது. எண்பதை நெருங்கும் முகம். தாடி நெஞ்சு வரை.

"சார், யாரு வந்துகீறாங்க பாருங்க" என்று யூசுப் கைபேசியை என் பக்கம் திருப்பினான்.

"அரே! கரண்டு அய்யரு!"

நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். நடுவில் இரண்டு முறை நின்று நின்று சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்த முனை கருகுனத நான் பாத்தேன் பா. நீ வெளிய வந்ததும் பேனல் ரூமுக்கு வந்தேன். வாசன அப்டியே இருந்துச்சு. கருகுன பீசு டப்பால கெடந்துச்சு."

"அப்போ விசாரணையில ஏன் சார் சொல்லலை?"

"சொன்னா ஒன் வேல பூடும். யூசுப்பு வேலையும் நிக்காது, அந்தாளு எப்டியும் அவன அனுப்பத்தான் பாத்தாரு. எனக்கு கைல தொழிலு கீது, எங்கினா போயி பொழச்சிப்பேன்."

"உங்களுக்கு என்மேல கோபமே இல்லையா?"

"இல்லாம இருக்குமா? ஒரு வருசம் ஃபுல்லா இருந்துச்சு. கும்மிடிப்பூண்டிய விட்டு ஊருக்கு வர்ற வரைக்கும் பாத்துக்கினே இருந்தேன். இன்னிக்கு வருவான், நாளிக்கு வருவான், வந்து ஒரு வார்த்த சொல்லுவான்னு. நீ வர்ல." பிறகு அவரே சிரித்தார். "இப்ப வந்துட்ட. நாஷ்டா ஆச்சா?"

நான் அழுததை யூசுப் பார்க்காத மாதிரி கதவைத் தடவிக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது பட்டறை வாசல்வரை வந்தான். அவன் முகம் மாறியிருந்தது.

"அய்யரே, சிங்கு சாராண்ட சொல்லிட்ட. என்னாண்ட சொல்லிட்ட. எங்க ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரியும். தெரியாதவங்களுக்கு யாரு சொல்றது? எங்க அத்தா சாகற வரைக்கும் நான்தான் லைன நிறுத்தி சிங்கு சார் வேலைக்கு ஒல வச்சேன்னு நெனச்சிக்கினு செத்தாரு. நான் சொன்னத நம்பல. எந்தம்பி அதே மில்லுல வேல கேக்கப் போனப்ப, நீயும் வெள்ளிக்கெழம ஓடுவியான்னு சிரிச்சி அனுப்பிட்டாங்க. நீ வெளிநாட்டுல கீற. எதோ எழுதறேன்னு சொன்னியே, புஸ்தகத்துல வருதுன்னியே. அதுல எழுது. இந்த ஊர்ல கீறவன் படிக்கிற மாரி எழுது."

சரி என்றேன்.

7

நவம்பரில் குருத்வாராவுக்கு மூவரும் போனோம். கோதை வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு குர்மீத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அந்தக் கதையை மூன்றாவது முறையாகக் கேட்டேன், இந்த முறை விரிவாக. குருவின் கண் முன்னால் கொல்லப்பட்ட தோழர்களைப் பற்றிச் சொன்னார்கள். துண்டிக்கப்பட்ட தலையை யாருக்கும் தெரியாமல் சுமந்துகொண்டு பஞ்சாபுக்கு நடந்தவரைப் பற்றிச் சொன்னார்கள். உடலை வெளியில் எரித்தால் ராஜாவின் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று தன் வீட்டுக்குள் வைத்து, வீட்டுக்கே தீ வைத்தவரைப் பற்றிச் சொன்னார்கள். தலை துண்டிக்கப்பட்ட அந்த டில்லிச் சதுக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதில் பூணூல் போட்டவர்களும் நின்றிருப்பார்கள். வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டார்கள், பிள்ளைகளிடம் என்ன சொன்னார்கள் என்று என் மனம் அவர்கள் பின்னாலேயே போனது.

தன் நம்பிக்கைக்காக ஒருவர் உயிரைக் கொடுப்பது எனக்குப் புரிகிறது. தான் ஏற்காத ஒன்றை அடுத்தவன் தடையில்லாமல் பற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுப்பது வேறு. அதற்குப் பக்கத்தில்கூட நான் போனதில்லை. பல்பீர் சிங் தன் அளவுக்குப் போனார். தொழுகைக்குப் போனவனையும் காப்பாற்றப் பார்த்தார், பூணூல் போட்டவனையும் காப்பாற்றினார்.

குர்மீத் கேட்டுக்கொண்டதால் நானும் நான்கு வார்த்தை பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். ஒரு பெரியவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே சொல்வது எளிதாக இருந்தது. அங்கே யாருக்கும் கும்மிடிப்பூண்டி தெரியாது.

வரும்போது காரில் கோதை, "ஊர்ல இருக்கறவங்க படிக்கிற மாதிரி எப்ப எழுதப் போறீங்க?" என்று கேட்டாள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள். தமிழில் அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

எனவே, அந்த ஆலையில் அந்நாளில் வேலை செய்தவர்களுக்கும், வாசலில் டீ குடித்தவர்களுக்கும், அவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கும்:

அந்த வெள்ளிக்கிழமை மதியம் லைன் நின்றது யூசுப் தொழுகைக்குப் போனதால் அல்ல. பல்பீர் சிங் அவனை அனுப்பியதால் அல்ல. மின்பிரிவில் இருந்த நான் ஒரு திருகை முடுக்காமல் விட்டேன். அதை மறைத்தேன். பொய் என்று தெரிந்தே எழுத்தில் சாட்சி சொன்னேன். யூசுப்பின் தகப்பனாருக்கு இதைச் சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லவில்லை.

திருவள்ளூர் மடைப்பள்ளி வீட்டு வரதன்.